தமிழ் இலக்கணம் படித்தவருக்கு ஆங்கிலப் பகுதி எட்டாததல்ல

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான்: "இங்கிலீஷ் இல்லாத பரீட்சை எதெதுன்னு சொல்லுங்கக்கா."

சொல்வேன். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-இல் ஆங்கிலம் கிடையாது. 200 கேள்விகளில் 100 கேள்வி தமிழ்தான், 150 மதிப்பெண். ரயில்வேயின் என்.டி.பி.சி. தேர்விலும் ஆங்கிலத்துக்கென்று தனிப்பகுதி இல்லை. கணக்கு, ரீசனிங், பொது அறிவு மூன்றையும் தமிழிலேயே எழுதலாம். இதைக் கேட்டதும் பிள்ளைகள் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். எனக்குக் கவலையே அந்த நிம்மதியைப் பார்த்துத்தான். அந்த இரண்டு பரீட்சைகளிலும் கூட்டம் நெரிகிறது. மத்திய அரசு அலுவலகங்கள், வங்கிகள், துணை ராணுவம் என்று இன்னொரு பக்கம் இவ்வளவு வேலை இருக்கும்போது, ஆங்கிலம் என்ற ஒரே காரணத்துக்காக நம் வட ஆற்காட்டுப் பிள்ளைகள் விண்ணப்பமே போடாமல் இருக்கிறார்கள். வேலூர் மாவட்டம் 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகிவிட்டது. இந்தப் பயம் மட்டும் மூன்றிலும் பொதுவாக இருக்கிறது.

நான் குடியாத்தத்துக்காரி. வீட்டில் கைலித் தறி. படித்ததெல்லாம் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். மத்திய அரசு அலுவலகங்களுக்கு ஆள் எடுக்கிற தேர்வாணையமான எஸ்.எஸ்.சி.யின் தேர்வை எழுதி, இப்போது அப்படி ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். காட்பாடியில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறு காலை பிள்ளைகள் கூடுவார்கள். லத்தேரி, பள்ளிகொண்டா, அணைக்கட்டு, ஊசூர் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறார்கள். கம்மவான்பேட்டையிலிருந்து ஒரு தம்பி வருகிறான். பட்டாளத்துக்கு ஆள் அனுப்புவதற்கென்றே பேர் போன ஊர் அது. கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. பரீட்சைக்கு ஆங்கிலம் படிப்பதைப் பற்றி அங்கே நாங்கள் பேசுவதை எழுதி வைத்தால் இன்னும் நாலு பேருக்குப் பயன்படும் என்றுதான் இந்தப் பதிவு.

முதலில், எது எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். பத்தாம் வகுப்புத் தகுதிக்கான எஸ்.எஸ்.சி. எம்.டி.எஸ். தேர்வைத் தமிழில் எழுதலாம் என்று வந்ததும் எல்லாரும் சந்தோஷப்பட்டோம். ஆனால் அதில் முதல் அமர்வின் கணக்கும் ரீசனிங்கும் தகுதிக்கு மட்டும்தான். தரவரிசை இரண்டாம் அமர்வை வைத்து. அந்த 150 மதிப்பெண்ணில் 75 ஆங்கிலத்துக்குப் போகிறது. சரிபாதி! கேள்வித்தாள் தமிழில் வந்தாலும் ஆங்கிலப் பகுதி ஆங்கிலமாகவேதான் இருக்கும். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற படைகளுக்கான ஜி.டி. கான்ஸ்டபிள் தேர்வில் 160-க்கு 40. ஆங்கிலம் அல்லது இந்தி என்று கேட்பார்கள், நமக்கு ஆங்கிலம்தான் வழி. பட்டதாரிகளுக்கான சி.ஜி.எல். முதல் கட்டத்தில் 100 கேள்விக்கு 25. இரண்டாம் கட்டத்தில் 390 மதிப்பெண்ணுக்கு 135. ஐ.பி.பி.எஸ். நடத்துகிற வங்கி கிளார்க் முதல்நிலைத் தேர்வில் 30 கேள்வி, 20 நிமிடம், அதற்கென்று தனி கட்-ஆஃப் வேறு. கணக்கில் முழு மதிப்பெண் எடுத்தாலும் ஆங்கிலத்தில் கட்-ஆஃப் தாண்டவில்லை என்றால் அத்தோடு முடிந்தது. இந்த முறைகளை அவ்வப்போது மாற்றுவார்கள், அதனால் விண்ணப்பிக்கும்போது அந்த வருஷத்து அறிவிக்கையை ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள்.

இனி நான் நம்புகிற விஷயத்துக்கு வருகிறேன். தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு ஆங்கில இலக்கணம் வராது என்று ஒரு பேச்சு இருக்கிறது. நான் போன ஒரு பயிற்சி மையத்தில் எங்களைத் தனியாக உட்கார வைத்து, "நீங்க இங்கிலீஷை விட்டுடுங்க, மத்ததுல ஸ்கோர் பண்ணுங்க" என்றே சொன்னார்கள். அது தவறான அறிவுரை. நாம் ஆறாம் வகுப்பிலிருந்து எழுவாய், பயனிலை, செயப்படுபொருள், வேற்றுமை, செய்வினை, செயப்பாட்டுவினை என்று படித்திருக்கிறோம். குரூப் 4-க்காக அதையே மறுபடியும் கரைத்துக் குடிக்கிறோம். ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த மூளை நம்முடையது. ஆங்கிலப் பரீட்சையில் கேட்பதும் அந்தப் பிரித்துப் பார்க்கிற வேலையைத்தான். தமிழும் ஆங்கிலமும் ஒத்துப்போகிற இடங்களில் நமக்குத் தெரிந்ததை வைத்தே விடை போட்டுவிடலாம். ஒத்துப்போகாத இடங்களை ஒரு கை, இரு கை விரல்களில் எண்ணிவிடலாம். பிழை கண்டுபிடிக்கும் கேள்விகள் பெரும்பாலும் அந்த இடங்களிலிருந்து வருகின்றன. அவற்றை மட்டும் தனியாக எழுதி வைத்துப் பழகினால் போதும்.

ஒத்துப்போகிற இடத்திலிருந்து தொடங்குகிறேன். ஓர் ஊர், ஒரு மரம். உயிரெழுத்துக்கு முன்னால் ஓர், உயிர்மெய்க்கு முன்னால் ஒரு. இது தெரியாத பிள்ளை எங்கள் மாடியில் இல்லை. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வருகிற 'ஆன்', 'எ' இரண்டுக்கும் விதி அதுவேதான். ஆனால் ஆங்கில எழுத்தைப் பார்த்தால் குழம்பிவிடும். ஓசையைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு நாங்கள் ஒரு வழி வைத்திருக்கிறோம். அந்தச் சொல்லைக் காதில் விழுகிறபடி தமிழில் எழுதிப் பாருங்கள். முதல் எழுத்து உயிரெழுத்தா? ஆன். உயிர்மெய்யா? எ. 'யுனிவர்சிட்டி' ஆங்கிலத்தில் உயிரெழுத்தில் தொடங்குகிறது, தமிழில் எழுதினால் 'யு', ஆகவே 'எ யுனிவர்சிட்டி'. மணிநேரத்துக்கான சொல்லை 'அவர்' என்றுதான் உச்சரிக்கிறோம், முன்னால் இருக்கிற எச் பேசாது, ஆகவே 'ஆன்'. எம்.எல்.ஏ.வுக்கு 'ஆன்'. ஒரு ரூபாய் நோட்டில் வருகிற ஒன்றை 'வன்' என்று சொல்ல வேண்டும், ஆகவே 'எ'. லத்தேரிப் பெண் ஒருத்தி இதைக் கேட்டதும் பழைய வினாத்தாளில் இருந்த ஆர்ட்டிகிள் கேள்விகளையெல்லாம் நோட்டில் தமிழில் எழுதிப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஓர்-ஒருதானேக்கா" என்றாள். அதேதான். 'தி' வருகிற இடங்களுக்குத் தமிழில் இணை இல்லை, அதைத் தனியாகப் பழக வேண்டும்.

அடுத்தது எழுவாயும் பயனிலையும். பையன் வந்தான், பையன்கள் வந்தார்கள். எழுவாய்க்குத் தக்கபடி வினைமுற்று மாறுவது நமக்குப் பிறப்பிலேயே வருவது. ஆங்கிலத்தில் நம்மை ஏமாற்றுவதற்கு இரண்டுக்கும் நடுவில் நீளமாக எதையாவது சொருகி வைப்பார்கள். "தி குவாலிட்டி ஆஃப் தி பிரிஞ்சால்ஸ் க்ரோன் இன் இலவம்பாடி ஆர் குட்." நம் முள்ளுக் கத்திரிக்காயை வைத்து நான் போட்ட வாக்கியம். கத்திரிக்காய்கள் பன்மை, அதனால் 'ஆர்' சரி என்று தோன்றும். தமிழில் சொல்லிப் பாருங்கள்: இலவம்பாடியில் விளைகிற கத்திரிக்காய்களின் தரம் நன்றாக இருக்கிறது. எழுவாய் தரம். ஒருமை. ஆகவே 'இஸ்'. தறியில் பாவு சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஊடை ஓட்டுவார்கள். அந்த மாதிரி, எழுவாயையும் வினையையும் கோடு போட்டு இணைத்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும். பாதிக் கேள்விகளில் பிழை அந்தக் கோட்டிலேயே அகப்பட்டுவிடும்.

'அலாங் வித்', 'டுகெதர் வித்', 'ஆஸ் வெல் ஆஸ்' மூன்றும் வந்தால் பிள்ளைகள் தடுமாறுவார்கள். அவை நம்முடைய 'உடன்'. பையன் நண்பர்களுடன் வந்தான் என்போம், வந்தார்கள் என்று சொல்ல மாட்டோம். 'அண்ட்' என்பது நம்முடைய 'உம்'. பையனும் நண்பர்களும் வந்தார்கள். இது புரிந்தால் ஒரு பக்க விதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. 'ஈச்', 'எவ்ரி' வந்தால் ஒருமை. ஒவ்வொரு மாணவனும் வந்தான். 'ஒன் ஆஃப் தி' வந்தால் பின்னால் பெயர் பன்மை, வினை ஒருமை. மாணவர்களில் ஒருவன் வந்தான். எல்லாம் நம்மிடம் இருப்பதுதான். பேச்சில் நாம் "மாடுகள் வந்தது" என்று விட்டுவிடுகிறோம் பாருங்கள், அது ஆங்கிலத்திலும் வந்து ஒட்டிக்கொள்ளும். "மாடுகள் வந்தன" என்று தமிழைச் சரியாக எழுதப் பழகினாலே அங்கேயும் சரியாகிவிடும். குரூப் 4-இல் ஒருமை பன்மைப் பிழை கேட்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே உழைப்பு.

'ஆல்தோ' என்று தொடங்கிவிட்டு நடுவில் 'பட்' போடுவது வினாத்தாள்களில் அடிக்கடி வருகிற பிழை. "மழை பெய்தாலும் வந்தான்" என்றால் முடிந்தது. "மழை பெய்தாலும், ஆனால் வந்தான்" என்று யாராவது எழுதினால் தமிழாசிரியர் சிவப்பு மையால் அடிப்பார். அதே சிவப்பு மை இங்கேயும். 'அன்லெஸ்' வந்தால் அந்தப் பாதியில் 'நாட்' வராது. 'வராவிட்டால்' என்கிற சொல்லுக்குள்ளேயே எதிர்மறை இருக்கிறது, அப்புறம் இன்னொன்று எதற்கு? செயப்பாட்டுவினையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாலம் கட்டப்பட்டது என்று எழுதத் தெரிந்தவர்கள் பாஸிவ் வாய்ஸை ஒரு வாரத்தில் பழகிக்கொள்வார்கள்.

இனி, தமிழ் கைகொடுக்காத இடங்கள். இவற்றைத்தான் நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்துத் தினமும் பார்க்கச் சொல்கிறேன்.

வேற்றுமை உருபுகள்தான் முதல் கண்ணி. நாம் அறைக்குள் நுழைகிறோம், வேலூருக்கு வந்து சேர்கிறோம், ஒன்றைப் பற்றி விவாதிக்கிறோம். அதை அப்படியே கொண்டுபோய் 'என்டர் இன்டு தி ரூம்', 'ரீச் டு வேலூர்', 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் இந்த மூன்று வினைகளும் செயப்படுபொருளை நேராக எடுத்துக்கொள்ளும், நடுவில் எதுவும் வேண்டாம். ஒருவனோடு கல்யாணம் என்கிறோம், அங்கே 'மேரீட் டு'. அவனைவிட மூத்தவன் என்கிறோம், அதனால் 'சீனியர் தேன்' என்று கை போகும். அங்கே 'சீனியர் டு'. ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர், ப்ரிஃபர் எல்லாவற்றுக்கும் 'டு'தான். இதற்குப் பெரிய விளக்கம் கிடையாது. பார்க்கப் பார்க்க, எழுத எழுத ஏறும்.

காலம் அடுத்த கண்ணி. "ரெண்டு வருஷமா காட்பாடில இருக்கேன்" என்று நிகழ்காலத்தில் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அன்று தொடங்கி இன்றுவரை நீள்கிறதற்கு 'ஹேவ்' அல்லது 'ஹேஸ்' வேண்டும், இந்த வாக்கியத்தில் 'ஹேவ் பீன்'. கால அளவுக்கு 'ஃபார்', தொடங்கிய புள்ளிக்கு 'சின்ஸ்'. 'சின்ஸ் டூ இயர்ஸ்' என்று வந்தால் கண்ணை மூடிக்கொண்டு பிழை என்று குறிக்கலாம். அப்புறம் 'இஃப்'. "மழை பெய்தால் வரமாட்டேன்" என்பதில் 'பெய்தால்' எந்தக் காலத்தையும் காட்டுவதில்லை. நாளைக்குப் பெய்யப்போகிற மழைதானே என்று ஆங்கிலத்தில் 'இஃப் இட் வில் ரெய்ன்' என்று எழுதத் தோன்றும். 'இஃப்' இருக்கிற பாதியில் இப்படி 'வில்' போடுவதுதான் பிழை. அடுத்த பாதியில் தாராளமாக வரட்டும்.

என்னிடம் வருகிற பிள்ளைகளை அதிகமாகச் சோதிப்பது டைரக்ட்-இன்டைரக்ட், அதாவது நேர்க்கூற்று-அயற்கூற்று. நம் மொழியில் "எங்கே போகிறாய் என்று கேட்டான்" என்று கேள்வியை அப்படியே வைத்து 'என்று' போட்டு முடித்துவிடலாம். அவ்வளவு சுலபம். ஆங்கிலத்தில் கேள்வியின் வரிசையே குலைந்துபோகும். 'ஹி ஆஸ்க்ட் மி வேர் ஐ வாஸ் கோயிங்.' 'வேர் வாஸ் ஐ' என்று வந்தால் பிழை. நாங்கள் இதற்கென்று ஒரு ஞாயிறு முழுக்க ஒதுக்கினோம். ஒருவர் தமிழில் ஒரு கேள்வி கேட்பார். பக்கத்தில் இருக்கிறவர் அதை 'என்று கேட்டார்' என்று முடிப்பார். மூன்றாமவர் ஆங்கிலத்தில் வரிசையை மாற்றிச் சொல்வார். மூன்று மொழிபெயர்ப்பு நோட்டுகள் செய்யாததை அந்தக் காலைப் பொழுது செய்தது.

தகவல்கள், அறிவுரைகள் என்று தமிழில் பன்மை சொல்லலாம். இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்யுப்மென்ட், சீனரி இவற்றுக்குப் பின்னால் 'எஸ்' வராது. எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், போதும்.

இலக்கணத்தைவிடச் சொற்களைப் படிக்கிற விதத்தில்தான் பிள்ளைகள் வீணாகக் கஷ்டப்படுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. டெலிகிராமில் ஆயிரக்கணக்கான சொற்களோடு ஒரு பி.டி.எஃப். வரும். ஏ-வில் தொடங்கி மனப்பாடம் செய்வார்கள். சி வருவதற்குள் ஏ போய்விடும். மனம் சோர்ந்து, "எனக்கு இங்கிலீஷ் வராதுக்கா" என்று வந்து நிற்பார்கள். வராதது அவர்கள் குற்றமே இல்லை. எந்த இடத்தோடும் சேராத சொல் யாருக்கும் நிற்காது.

பகுபத உறுப்பிலக்கணம் படித்திருக்கிறோம் இல்லையா, பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம்? ஆங்கிலச் சொல்லையும் அப்படிப் பிரியுங்கள். உரக்கடையில் 'பெஸ்டிசைட்' என்று பார்த்திருப்பீர்கள், பூச்சியைக் கொல்வது. அந்த 'சைட்' கொல்லுதல். இனி மாட்ரிசைட் தாயைக் கொல்வது, பாட்ரிசைட் தந்தையை, ஃப்ராட்ரிசைட் உடன்பிறந்தவனை, ரெஜிசைட் அரசனை, ஜெனோசைட் ஓர் இனத்தையே. ஒரு விளக்கத்துக்கு ஒரே சொல்லைக் கேட்கிற ஒன் வேர்ட் சப்ஸ்டிட்யூஷனில் இந்த வரிசை அடிக்கடி தலைகாட்டும். ஆம்னி பஸ் தெரியாதவர் யார்? 'ஆம்னி' என்றால் எல்லாம், அனைவரும். ஆம்னிவோரஸ் எல்லாம் தின்பது, ஆம்னிபொடென்ட் எல்லாம் வல்லது, ஆம்னிசியன்ட் எல்லாம் அறிந்தது, ஆம்னிப்ரெசென்ட் எங்கும் நிறைந்தது.

இதில் வேலூர்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு வசதி உண்டு. 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய சிகிச்சை இன்றைக்கு சி.எம்.சி. மருத்துவமனையாக ஊர் நடுவே நிற்கிறது. வீட்டில் யாருக்காவது சீட்டு எடுக்கப் போகாத குடும்பம் இங்கே குறைவு. கார்டியாலஜி, நெஃப்ராலஜி, டெர்மட்டாலஜி, ஹெமட்டாலஜி, ஆஃப்தால்மாலஜி. இதயம், சிறுநீரகம், தோல், ரத்தம், கண். எந்த வார்டு எதற்கு என்று பாட்டிகளுக்கே தெரியும். பரீட்சையில் 'தோல் நோய் மருத்துவரை எப்படி அழைப்பார்கள்' என்று கேட்டால் அது நாம் நடந்து போன வராந்தா. அங்கிருந்து ஒரு படி வெளியே போய் ஆர்னித்தாலஜி பறவைகள், என்டமாலஜி பூச்சிகள் என்று சேர்த்துக்கொள்ளலாம்.

அதே மருத்துவமனைக்கு எதிரே காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் லாட்ஜ் போர்டுகளைப் பார்த்துக்கொண்டே நடங்கள். தங்குமிடம் என்பதற்கான 'அகாமடேஷன்' என்ற சொல்லை ஒரு போர்டில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் இன்னொரு மாதிரியும் எழுதியிருப்பார்கள். இரண்டு சி, இரண்டு எம் இருந்தால்தான் சரி. ஸ்பெல்லிங் கேள்விகளில் மறுபடி மறுபடி வருகிற சொல் இது. கூடவே கமிட்டி: இரண்டு எம், இரண்டு டி, இரண்டு இ. எம்பராஸ்: இரண்டு ஆர், இரண்டு எஸ். ஹராஸ்: ஒரே ஆர், இரண்டு எஸ். அக்கரன்ஸ்: இரண்டு சி, இரண்டு ஆர். இவற்றை உரக்கச் சொல்லிப் பழகுங்கள், கண் மறந்தாலும் வாய் மறக்காது.

வேலூர்க் கோட்டைக்கு ஒருமுறை எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனேன். ஊர்க்காரர்கள் காற்று வாங்கப் போகிற இடம்தான், ஆனால் அங்கே இருக்கிற ஆங்கில அறிவிப்புப் பலகைகளை யாரும் நின்று படிப்பதில்லை. அகழியைக் காட்டி 'மோட்', மதிலைக் காட்டி 'ராம்பார்ட்', துருத்தி நிற்கிற கொத்தளத்தைக் காட்டி 'பாஸ்டியன்', உள்ளே தங்கியிருந்த படையைச் சொல்லும்போது 'காரிசன்'. 1806 ஜூலை 10-இல் நடந்த சிப்பாய்ப் புரட்சியைத் தமிழ்ப் புத்தகத்தில் எல்லாரும் படித்திருக்கிறார்கள். தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது என்ற உத்தரவு, சிறை வைக்கப்பட்டிருந்த திப்புவின் பிள்ளைகள். அதே கதையை 'மியூட்டினி' (படைக் கலகம்), 'ரிவோல்ட்' (கிளர்ச்சி), 'ரிசென்ட்மென்ட்' (மனக்கசப்பு), 'சப்ரெஸ்' (அடக்குதல்) என்ற நாலு சொற்களை வைத்து ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். அகழி ஓரத்துப் புல்லில் உட்கார்ந்து எழுதினார்கள். கம்மவான்பேட்டைத் தம்பி எழுதியதில் காலம் தப்பியிருந்தது, ஆனால் நாலு சொல்லும் அதனதன் இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தன. எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

நாளிதழ் படிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எடுத்த எடுப்பில் ஆங்கிலத் தலையங்கம் படிக்கச் சொல்கிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அது வேண்டாம் என்பேன். காலையில் டீக்கடையில் தமிழ்ப் பேப்பரில் நம் மாவட்டச் செய்தி ஒன்றைப் படியுங்கள். அப்புறம் அதே செய்தியை ஆங்கில நாளிதழில் தேடிப் படியுங்கள். நடந்தது என்ன என்று முன்பே தெரிந்திருப்பதால் தெரியாத சொல்லுக்குப் பொருள் தானாகப் பிடிபடும். பாலாறும் தோல் தொழிற்சாலைக் கழிவுநீரும் நம் செய்திகளில் ஓயாமல் வருகிற விஷயம். எஃப்ளுவென்ட் (கழிவுநீர்), டானரி (தோல் தொழிற்சாலை), கன்டாமினேட் (மாசுபடுத்துதல்), காம்பன்சேஷன் (இழப்பீடு) நான்கையும் அந்த ஒரு செய்தியிலேயே பிடித்துவிடலாம். இதே விவகாரத்தில்தான் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. பொது அறிவுக்கும் ஆச்சு, ஆங்கிலத்துக்கும் ஆச்சு. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது அவர்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் விவகாரம், எப்படி மறக்கும்?

பரீட்சைக்காக ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் பணம் கட்டுகிறவர்களையும் பார்க்கிறேன். பேசுவது நல்ல திறமை, வாழ்க்கைக்கு வேண்டும். ஆனால் எஸ்.எஸ்.சி.யில் யாரும் உங்களைப் பேசச் சொல்லப்போவதில்லை. காந்தி ரோட்டுக் கடைக்காரர்கள் வடக்கிலிருந்து வருகிற நோயாளிகளோடு இந்தியும் வங்காளமும் சரளமாகப் பேசுவார்கள். வங்காள மொழிப் பரீட்சை வைத்தால் அவர்கள் வேறு மாதிரித் தயாராக வேண்டியிருக்கும். பணம் கட்டுவதற்கு முன்னால் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போய்க் கேளுங்கள், அங்கே இலவச வகுப்பு நடத்துகிறார்கள். பழைய வினாத்தாள்கள்தான் எல்லாவற்றையும்விட நல்ல புத்தகம். அதில் வந்த சொற்கள் திரும்பவும் வருகின்றன.

தெரியாத கேள்வியைக் குறிக்கலாமா, விடலாமா என்று எப்போதும் கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். எம்.டி.எஸ். இரண்டாம் அமர்வில் சரியென்றால் 3, தவறென்றால் 1 போகும். நாலு விருப்பங்கள். நாலு கேள்வியைக் குருட்டாம்போக்கில் குறித்தால் சராசரியாக ஒன்று சரி, மூன்று தவறு. வந்த 3 போய்விடும், மிச்சம் சுழி. வங்கித் தேர்வில் ஐந்து விருப்பங்கள், தவறுக்குக் கால் மதிப்பெண். அங்கேயும் மிச்சம் சுழிதான். ஆனால் இரண்டு விருப்பங்களை உறுதியாக அடித்துவிட முடிந்தால் கதை மாறுகிறது. எம்.டி.எஸ்.ஸில் அப்படிப்பட்ட இரண்டு கேள்விகளில் ஒன்று சரி, ஒன்று தவறு என்றாலும் 2 மதிப்பெண் லாபம். மேலே சொன்ன எழுவாய்-வினைக் கோடும் உருபுப் பட்டியலும் அந்த இரண்டு விருப்பங்களை அடிப்பதற்குத்தான். கோடு போட்டுப் பார்த்து, உருபு பார்த்து, காலம் பார்த்து, எதுவும் அகப்படவில்லை என்றால் 'நோ எரர்' என்று தைரியமாகக் குறியுங்கள். அதுவும் ஒரு விடைதான், பிள்ளைகள் அதைத் தொடவே பயப்படுகிறார்கள்.

போன வாரம் அணைக்கட்டிலிருந்து வருகிற பெண் கேட்டாள், "குரூப் 4-ஐ விட்டுட்டு இதுக்குப் படிக்கட்டுமாக்கா?" விட வேண்டாம் என்றேன். காலையில் குரூப் 4-க்குத் தமிழ் இலக்கணம் ஒரு தலைப்பு எடு. அன்றைக்குச் செய்வினை-செயப்பாட்டுவினை என்றால், மாலையில் ஆங்கிலத்தில் அதே தலைப்பில் பழைய வினாக்களைப் போடு. ஒருமை-பன்மை என்றால் அங்கேயும் அதுவே. ராத்திரி தூங்குவதற்கு முன்னால் நோட்டின் பின்பக்கத்தை ஒரு தரம் பார். புதன்கிழமை பத்தியைப் படித்து விடை சொல்கிற காம்ப்ரிஹென்ஷன் ஒன்று, சனிக்கிழமை நேரம் வைத்து ஒரு முழு மாதிரித் தேர்வு. ஞாயிற்றுக்கிழமை அதில் தப்பாய்ப் போனதை எடுத்துக்கொண்டு மாடிக்கு வா, எது எதனால் தப்பாச்சு என்று சேர்ந்து பார்ப்போம். எஸ்.எஸ்.சி.க்கு வேலூரிலேயே தேர்வு மையம் இருக்கிறது, சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. விண்ணப்பத்தில் மறக்காமல் வேலூரை முதல் விருப்பமாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.